அழுகுணி ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: கார்டு ஏலம் முதல் பகடை மேசை வரை

மேஜிக்: த கேதரிங், போக்கிமான் போன்ற சேகரித்து விளையாடும் கார்டுகளை செகண்ட் ஹேண்டில் வாங்குபவரை ஏமாற்ற அப்பட்டமாகப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கும். போடாமல் விட்ட படத்தில்தான் வில்லங்கம். விளையாட்டு மேசையிலும் இதே கதைதான். அதனால் ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள். யாராக இருந்தாலும் இந்தச் சோதனைகள் உண்டு என்று பழக்கப்படுத்திக்கொண்டால் நண்பர்களுக்குள்ளும் மனஸ்தாபம் வராது.

விளம்பரத்தைப் படிக்கும்போது

முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், கார்டைச் சாய்த்து வெளிச்சம் பட எடுத்த ஒரு படம். இவ்வளவும் கைக்கு வராமல் விலை பேச வேண்டாம். பின்பக்கம் ஏன் அவசியம் என்பதற்கு 1993இல் வந்த மேஜிக் கலெக்டர்ஸ் எடிஷனைப் பாருங்கள். முன்பக்கம் பல மடங்கு விலை போகும் பீட்டா (அதே ஆண்டின் ஆரம்ப அச்சு) கார்டைப் போலவே இருக்கும். ஆனால் மூலைகள் வளையாமல் சதுரமாக இருக்கும். பின்பக்கத்தில் பொன்னிற விளிம்பும் தொகுப்பின் பெயரும் இருக்கும். மூலையை வெட்டி வளைத்து, ஸ்லீவில் போட்டு, முன்பக்கத்தை மட்டும் படமெடுத்தால் முடிந்தது. ‘பீட்டா’ என்று எழுதக்கூட வேண்டாம். ‘1993 பிளாக் லோட்டஸ்’ என்று அந்த அரிய கார்டின் பெயரைச் சொன்னால் போதும், மீதியை வாங்குபவரின் ஆசை பார்த்துக்கொள்ளும். அப்படி வெட்டிய கார்டில் நான்கு மூலைகளின் வளைவும் ஒன்றுபோல் இருக்காது.

விவரக் குறிப்பை அடிவரை படியுங்கள். புராக்சி, கஸ்டம், ரெப்ளிகா, ஃபேன் மேட் என, அசலல்ல என்று காட்டும் சொற்கள் பெரும்பாலும் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கும். அது இருந்தால் பிறகு போலி என்று புகார் செய்வது கடினம். ‘எனக்கு இந்தக் கார்டு பற்றி எதுவும் தெரியாது, வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது’ என்பவரின் மற்ற விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். அங்கே வரிசையாகக் கார்டுகள் இருந்தால் அந்தத் தெரியாமை ஒரு வேஷம்.

பிஎஸ்ஏ போன்ற நிறுவனம் தரம் பார்த்து மூடிய பிளாஸ்டிக் உறை என்றால், அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. உண்மையான உறையின் எண்ணை அப்படியே நகலெடுத்து ஒட்டிய போலி உறைகளும் உலவுகின்றன. தளத்தில் படம் இருந்தால் விளிம்பின் அகலம், கீறல், மூலை எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள்.

ஏலத்தில்

விற்பவரே வேறு கணக்கிலோ ஆள் வைத்தோ தன் பொருளுக்கு விலை ஏற்றுவதுதான் மிகப் பழைய தந்திரம். ஈபேயில் உங்கள் உச்சவிலையை முன்கூட்டியே பதிந்தால், எதிராளி கேட்கக் கேட்க அமைப்பு உங்கள் சார்பில் சிறுசிறு படியாக ஏற்றிக்கொண்டே போகும். விலை ஏற்றுபவர் உங்கள் உச்சம் எது என்று இப்படித் தட்டித் தட்டித் தெரிந்துகொள்வார். ஏல வரலாற்றைத் திறந்து இவற்றைக் கவனியுங்கள்: ஒரே ஆள் சில நிமிட இடைவெளியில் பலமுறை கேட்டிருப்பது, அவருடைய ஏலங்களில் பெரும்பங்கு இந்த ஒரே விற்பவரிடம் இருப்பது, உச்சத்தைத் தொட்டபின் ‘தொகையைத் தவறாகப் போட்டுவிட்டேன்’ என்று பின்வாங்குவது. சில சமயம் அவரே தவறி ஜெயித்துவிடுவார். அப்போது ‘வாங்கியவர் பணம் தரவில்லை, உங்களுக்கே தருகிறேன்’ என்று உங்களுக்கு இரண்டாம் வாய்ப்புச் செய்தி வரும். உண்மையாகவே பணம் தராத ஆட்களும் உண்டுதான். ஆனாலும் வரலாற்றைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

இது சும்மா குறும்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2010இல் இங்கிலாந்தில் தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்ட ஈபே வியாபாரி ஒருவருக்கு பிராட்ஃபோர்டு நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதமும் 250 மணி நேரச் சமூகப்பணியும் விதித்தது.

தற்காப்பு எளிது. அதே கார்டு அதே நிலையில் முன்பு என்ன விலைக்கு விற்றது என்பதை ‘விற்றவை’ வடிகட்டியில் பாருங்கள். இப்போது கேட்கும் விலைகள் கணக்கில் வராது. உங்கள் உச்சத்தைத் தாளில் எழுதிவைத்து, கடைசிச் சில நொடிகளில் ஒரே ஒரு முறை கேளுங்கள். இப்படிக் கேட்பது ஈபே விதிப்படி தவறல்ல. தட்டிப் பார்க்க எதிராளிக்கு நேரமே கிடைக்காது.

‘தளத்துக்கு வெளியே கொடுத்தால் விலை குறைக்கிறேன்’ என்றால் விலகிவிடுங்கள். பேபாலில் நண்பர்கள்-குடும்பம் வழியாக அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. யுபிஐயில் போன பணத்தை நாமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. இந்தியாவில் பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும்

உறையின் முகவரிச் சீட்டு தெரிய, வெட்டுப்படாத ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், அதனால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தேவையானவை: 30 மடங்குக்குக் குறையாத நகைக்கடை லூப் (உருப்பெருக்கி), 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, போன் டார்ச். இவற்றைவிட முக்கியம், அதே தொகுப்பின் நிச்சயமாக அசலான ஒரு மலிவுக் கார்டு. எல்லாச் சோதனையும் அதோடு ஒப்பிடுவதுதான்.

மேஜிக் கார்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம், எடை ஏறக்குறைய 1.7 முதல் 1.8 கிராம். லூப்பில் பார்த்தால் படப்பகுதி சின்னச்சின்னப் பூப்போன்ற புள்ளிக்கூட்டங்களாகத் தெரியும். கறுப்பு எழுத்து மட்டும் தனி அச்சுத் தகட்டில் அச்சானதால் புள்ளியில்லாமல் கெட்டிக் கறுப்பாக இருக்கும். போலிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: எழுத்தின் ஓரமும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். அடுத்து பின்பக்கத்தின் ஐந்து வண்ண வட்டங்களில் பச்சையைப் பாருங்கள். அதன் உள்ளே ‘எல்’ எழுத்துபோல் நான்கு சிவப்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். 2014இல் வந்த மேஜிக் 2015 தொகுப்பு முதல் ரேர், மிதிக் எனும் அரிய வகைக் கார்டுகளின் அடியில் நீள்வட்ட ஹாலோகிராம் முத்திரையும் உண்டு.

டார்ச்சைக் கார்டின் பின்னால் பிடித்தால் அசலில் மங்கலாக ஒளி ஊடுருவும். பல போலிகளில் ஒளி பளிச்சென்று வரும், அல்லது வரவே வராது. ஃபாயில் (பளபளக்கும்) கார்டில் இந்தச் சோதனை செல்லாது. போக்கிமான் கார்டுகளுக்கும் மேஜிக் அளவைக் கொண்டு தீர்ப்பு சொல்லாதீர்கள். போக்கிமானோடு போக்கிமானையே ஒப்பிடுங்கள். கார்டை வளைத்துப் பார்க்கும் சோதனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அசலாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

பிரிக்காத பேக்குகள் (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத சீலிட்ட பொட்டலங்கள்) தனி வம்பு. பழைய போக்கிமான் பேக்குகளில் ஹோலோ (மினுமினுக்கும் அரிய) கார்டு உள்ளது சற்றே கூடுதல் எடை. தராசில் போட்டுக் கனமானதை வைத்துக்கொண்டு, லேசானதைச் சீல் உடையாமலே விற்பவர்கள் உண்டு. பெட்டியைத் திறந்து, நல்ல கார்டு கிடைக்கும்வரை பிரித்து, மிச்சப் பேக்குகளை உதிரியாக விற்பவர்களும் உண்டு. இரண்டிலும் பேக் அசல்தான், பொய்யே இல்லை, ஆனால் வாங்குபவருக்கு எதுவும் தேறாது. பழைய பேக்கை உதிரியாக வாங்கவே வேண்டாம். பெட்டியாக வாங்கினால் மேலுறையில் தயாரிப்பாளரின் சின்னம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணாடித்தாள் என்றால் மறுபடி சுற்றியதாக இருக்கலாம். பேக்கின் பல்பல்லான ஓரத்தில் பசை மினுமினுப்போ நுண்ணிய கிழிசலோ இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

மேசையில்

எதிராளி கார்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்து அடுக்கினால் அது கலைப்பதாகாது. எது எங்கே போகிறது என்று தெரிந்தே அடுக்கலாம். எண்ணிப் பார்க்க மட்டும் அது உதவும். 52 சீட்டுக் கட்டை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஏழு முறை கலைத்தால் போதிய அளவு கலையும் என்று 1992இல் கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் காட்டினார்கள். 60 கார்டுக் கட்டுக்கும் ஏழுக்குக் குறைய வேண்டாம். கலைக்கும்போது கட்டின் முகம் யாரை நோக்கியும் திரும்பக்கூடாது. முடிந்ததும் வெட்டுவதோடு நில்லாமல் நீங்களும் ஒரு முறை கலையுங்கள், உங்கள் கட்டை அவரிடமும் நீட்டுங்கள். எல்லா ஆட்டத்திலும் செய்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பகடையில் முதலில் முகங்களை எண்ணுங்கள். 1, 3, 5 மட்டும் எதிரெதிர் பக்கங்களில் இரட்டித்த ஆறுமுகப் பகடைகள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று முகங்களுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாததால் மேசையில் பிடிபடாது. எதிர்ப்பக்கக் கூட்டுத்தொகை 7 வருகிறதா என்று திருப்பிப் பார்த்தால் வெளியே வந்துவிடும். 20 முகப் பகடையில் 20, 19, 18 அடுத்தடுத்து இருந்தால் அது உயிர்ப்புள்ளி (ஆட்டக்காரரிடம் மிச்சமுள்ள புள்ளி) எண்ணும் பகடை. பெரிய எண்களெல்லாம் ஒரே பக்கம் குவிந்திருப்பதால், பழகிய கை மெல்ல உருட்டி அந்தப் பக்கத்தை மேலே கொண்டுவரும். உருட்டுவதற்கு அதை அனுமதிக்காதீர்கள்.

உப்புத்தண்ணீர்ச் சோதனைக்கு 100 மி.லி. தண்ணீரில் 35 கிராம் உப்பு. அக்ரிலிக் பகடை மிதக்கும், உலோகமும் கல்லும் மூழ்கும். சுண்டிவிடும்போதெல்லாம் ஒரே முகம் மேலே வந்தால் எடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் மேசையில் எவ்வளவு சாயும் என்பதை அது சொல்லாது. அதற்கு 120 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு முகமும் 20 முறை வர வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் 20இலிருந்து உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை 20ஆல் வகுத்து, ஆறு விடைகளையும் கூட்டுங்கள். 11.07ஐத் தாண்டினால்தான் சந்தேகிக்கலாம். மற்றவை 15, 18, 17, 19, 20 என்று வந்து ஆறு மட்டும் 31 முறை விழுந்தாலும் விடை 8தான், குற்றம் சாட்ட அது போதாது. 15, 16, 17, 18, 19, 35 என்றால் 14. அப்போதும் அவசரப்படாமல் இன்னொரு 120 உருட்டுங்கள். நேர்மையான பகடையே இருபதில் ஒரு முறை இந்த எல்லையைத் தாண்டும்.

ஸ்கிராபிளில் பையைக் கண்மட்டத்துக்கு மேல் தூக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். 100 கட்டைகளில் வெற்றுக்கட்டை இரண்டே, எந்த எழுத்தாகவும் வைக்கலாம் என்பதால் அவற்றின் மதிப்பு அப்படி. 2012இல் ஆர்லாண்டோவில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் வெற்றுக்கட்டைகளை ஒளித்த இளம் ஆட்டக்காரர் ஒருவர் வெளியேற்றப்பட்டார்.

போட்டியில் சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாக்குவாதம் வேண்டாம். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை மேசையில் இருக்கும் ஒரு கார்டையும் இரண்டு பேரும் தொடாதீர்கள். ஒரு கார்டு இழுத்துவிட்டாலும் என்ன நடந்தது என்பதைப் பின்னோக்கிக் கட்டுவது கடினம்.