கோபோல்டு இனத்துக்கு ஒரு சோர்ஸ்புக் எழுதுவது எப்படி?

டேபிள்டாப் ஆர்.பி.ஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, ஆடுகிறவர்களில் பலருக்கு என்றாவது ஒருநாள் இந்த ஆசை வரும்: ஒரே ஒரு அரக்க இனத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாழ்க்கை, வழக்கம், சண்டைபோடும் விதம் எல்லாவற்றையும் சொல்லும் தனிப் புத்தகம் ஒன்றை எழுதிவிட வேண்டும். அதைத்தான் சோர்ஸ்புக் என்கிறோம். இங்கே உதாரணம் கோபோல்டு என்ற, பல்லி போன்ற சிறிய அரக்க இனம்.

எழுத உட்கார்ந்ததும் கை தானாகப் படைப்புக் கதைக்குப் போகும். ஆதியில் ஒரு டிராகன் தெய்வம், அதன் கண்ணீரில் பிறந்த முதல் கோபோல்டு, பிறகு ஐயாயிரம் ஆண்டு வம்ச வரலாறு. எழுதச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டம் நடக்கும்போது கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர், அந்தப் பக்கங்களைத் திருப்பவே மாட்டார். "இந்தக் கோபோல்டு இப்போது என்ன செய்யும்?" என்பதுதான் அவர் கவலை. அதற்கான பதில் ஸ்டாட் பிளாக்கில், அதாவது அந்த இனத்தின் திறன்களை எண்களில் சொல்லும் பட்டியலில், இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி-யின் ஐந்தாம் பதிப்புக்கான அடிப்படை விதிகள் எஸ்.ஆர்.டி 5.1 என்ற இலவச ஆவணமாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. அதிலுள்ள இனங்களை வைத்து எழுதினால் நாளைக்கு விற்கவும் தடையில்லை. பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர், யுவான்-டி என்ற மூன்று அரக்க இனங்களுக்கும் அதில் ஸ்டாட் பிளாக் கிடையாது. நண்பர்களோடு ஆட மட்டும் என்றால் அவற்றையும் எடுக்கலாம். வெளியிடும் எண்ணம் இருந்தால் தொடாதீர்கள்.

நான் இங்கே கோபோல்டை எடுக்கிறேன். எல்லாரும் முதல் லெவலில் வெட்டித் தள்ளிவிட்டு மறந்துபோகும் இனம். அதனாலேயே எழுத இடம் அதிகம்.

படி 2: ஸ்டாட் பிளாக்கைத் தாளில் எழுதுங்கள்

காப்பி-பேஸ்ட் வேண்டாம், கையால் எழுதுங்கள். ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட, பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 12. ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய சேதம்) 5. வலிமை 7, சுறுசுறுப்பு 15. இருட்டில் 60 அடி வரை கண் தெரியும். கத்தி, கவண் இரண்டுக்கும் தாக்குதல் போனஸ் +4. இவற்றோடு இரண்டு சிறப்புக் குணங்கள். முதலாவது பேக் டாக்டிக்ஸ்: எதிரிக்கு 5 அடிக்குள் செயலிழக்காத கூட்டாளி ஒருவராவது நின்றால் கோபோல்டுக்கு அட்வான்டேஜ், அதாவது டி20 என்ற 20 முகப் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வெயில் கூச்சம்: வெயிலில் நிற்கும்போது தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், இருமுறை உருட்டித் தாழ்ந்ததை எடுக்க வேண்டும்.

படி 3: கணக்குப் போடுங்கள்

பயப்பட வேண்டாம், பெருக்கல் போதும். ஆர்மர் கிளாஸ் 16 உள்ள வீரனை ஒரு கோபோல்டு தாக்குகிறது. +4 போனஸ் போக, பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். வீரனை ஒட்டி ஒரு கூட்டாளி நின்றால் ஏறக்குறைய 70. தனியாக வெயிலில் மாட்டிக்கொண்டால் சுமார் 20. வெயிலிலும் கூட்டாளி உடனிருந்தால் இரண்டு குணமும் ஒன்றையொன்று அடித்துவிடும், பழையபடி 45.

இப்போது எதிர்ப்பக்கம். முதல் லெவல் வீரன் +5 போனஸோடு வாளை வீசினால் 70 சதவீதம் படும். வாளின் சேதம் டி8 (8 முகப் பகடை) கூட்டல் 3 என்று வைத்துக்கொண்டால், பகடையில் 1 விழுந்தால்தான் கோபோல்டு பிழைக்கும். பட்டால் சாவு என்றே எழுதிவிடலாம்.

படி 4: எண்ணிலிருந்து வாழ்க்கையை எடுங்கள்

புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

கவண்காரர் 30 அடி தள்ளி நின்று எறிகிறார். அவருக்கு அட்வான்டேஜ் வேண்டுமானால் வேறொருவர் எதிரியை ஒட்டி நின்றாக வேண்டும். அந்த வேறொருவருக்கு 5 ஹிட் பாயிண்ட். நிற்பவர் அநேகமாகச் சாவார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அப்படியானால் யார் நிற்பது? யார் முடிவு செய்கிறார்கள்? நின்றவருக்கு என்ன மரியாதை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள், ஒரு சமூகமே வந்துவிடும். நான் எழுதிய மாதிரி இது:

"எதிரியை ஒட்டி நிற்பவருக்கு ஒட்டாள் என்று பெயர். வேட்டையில் முதல் பங்கு ஒட்டாளுக்கு. ஒட்டாளை இழந்த கவண்காரர், கூட்டம் புதியவரை நியமிக்கும்வரை கவணைத் தொடக் கூடாது. அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு திரிவார். ஆட்டத்தில்: ஒட்டாள் விழுந்ததும் அவருடைய கவண்காரர் அடுத்த சுற்றிலேயே பின்வாங்குவார். மணிக்கட்டில் கவண் சுற்றிய கோபோல்டு சண்டைக்கு வராது, பேச வரும்."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு வழக்கத்துக்கும் கீழே 'ஆட்டத்தில்' என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் வழக்கத்தையே தூக்கிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வெயில் கூச்சத்துக்கும் இதே பாடுதான். பகலில் ஒரு கோபோல்டு தனியாக வெளியே வருகிறது என்றால் அது தூதாக இருக்கலாம், விரட்டப்பட்டதாக இருக்கலாம். தண்டனையே அதுவாகக்கூட இருக்கலாம்.

திணையையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விதி விளக்கத்தில் 'அது', சமூகத்தைச் சொல்லும்போது 'அவர்' என்பது என் வழி. முழுக்க 'அது' என்றே எழுதினால் பிளேயர்கள் பேச முயலாமல் வாளைத்தான் உருவுவார்கள்.

படி 5: குறைந்தது இரண்டு கூட்டங்களாவது வேண்டும்

எஸ்.ஆர்.டி 5.1 கோபோல்டை 'லாஃபுல் ஈவில்' (ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயது) என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஓர் இனமே பிறவியில் தீயது என்ற எண்ணம் ஆர்.பி.ஜி உலகில் நிறைய விவாதிக்கப்பட்டுவிட்டது. கதைக்கும் அதனால் பெரிய லாபமில்லை. ஒட்டாளைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் ஒன்று, கைதிகளை ஒட்டாளாகத் தள்ளும் கூட்டம் ஒன்று என்று வையுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கம். சாகசத்துக்கான கரு அதிலேயே கிடைத்துவிடும்.

படி 6: இருப்பிடத்தை வரையுங்கள்

கோபோல்டு உருவத்தில் சிறியது. சுரங்கத்தையும் தன் அளவுக்குத்தான் வெட்டும். அதில் மனித அளவுக் கேரக்டர் நெருக்கியடித்து நுழைந்தால் நகர இருமடங்கு தூரம் செலவாகும், தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், அவரைத் தாக்குபவருக்கு அட்வான்டேஜ். வெறும் உயரத்தைக் குறைத்தே இவ்வளவு செய்யலாம். நச்சு ஊசிப் பொறிகளைப் பிறகு யோசிக்கலாம்.

வெளிச்சத்தையும் குறித்து வையுங்கள். தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சமும், அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கலும் தரும். 50 அடி தள்ளி இருட்டில் நிற்கும் கோபோல்டுக்குப் பந்தம் பிடித்தவர் தெரிவார். இருள்பார்வை இல்லாத அவருக்கு அது தெரியாது. ஆக, நீண்ட நேர்ப்பாதை ஒன்றாவது படத்தில் இருக்கட்டும்.

படி 7: சண்டைகளின் அளவு

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி ஒரு கோபோல்டுக்கு 25 எக்ஸ்.பி (அனுபவப் புள்ளி; சண்டையின் கடுமையை இதை வைத்தே அளப்பார்கள்). முதல் லெவல் கேரக்டர்கள் நான்கு பேருக்கு எதிராக நான்கு கோபோல்டு என்றால் 100; கூட்டமாக வருவதால் அதை இரண்டால் பெருக்க 200 ஆகி 'மீடியம்' அளவில் நிற்கும். எட்டு என்றால் 200-ஐ இரண்டரையால் பெருக்கி 500. 'டெட்லி' எல்லையான 400-ஐத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை இரட்டித்ததும் ஆபத்து எவ்வளவு ஏறுகிறது என்பதைப் புத்தகத்தில் ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். புது கேம் மாஸ்டர்கள் சறுக்குகிற இடம் இது.

படி 8: பிளேயரே கோபோல்டாக ஆடும் வடிவம்

கட்டாயமில்லை. சேர்ப்பதானால் பேக் டாக்டிக்ஸை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். கூட்டாளிகளோடுதான் பிளேயர் எப்போதும் சண்டைபோடுவார், ஆகவே அவருக்கு ஏறக்குறைய நிரந்தர அட்வான்டேஜ் கிடைத்துவிடும். 2016-இல் வந்த அதிகாரபூர்வ வடிவம் அதைக் கொடுத்து, ஈடாக வெயில் கூச்சத்தையும் வலிமைக் குறைப்பையும் வைத்தது. 2022 வடிவத்தில் இவை எல்லாமே போய், ஒரு நாளைக்குச் சில முறை மட்டும் எழுப்பக்கூடிய டிராகன் முழக்கம் வந்தது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

படி 9: வேறொருவர் கையில் கொடுங்கள்

அச்சுக்கோ பி.டி.எஃப்-க்கோ போகுமுன் இன்னொரு கேம் மாஸ்டரை நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எந்தப் பக்கத்தைத் தேடித் திணறுகிறார், எதைத் தொடவே இல்லை என்பதை மட்டும் குறியுங்கள். தொடாத பக்கங்களைப் பாதியாகக் குறையுங்கள். ஐயாயிரம் ஆண்டு வரலாற்றை எழுதியே தீருவேன் என்றால் கடைசியில் இரண்டு பக்கப் பின்னிணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும்போது எஸ்.ஆர்.டி-யின் முகப்பில் தந்திருக்கும் உரிம அறிவிப்பை உங்கள் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ அப்படியே சேர்க்க வேண்டும். அட்டையில் விளையாட்டின் வணிகப் பெயரையோ சின்னத்தையோ போடாதீர்கள். ஐந்தாம் பதிப்போடு பொருந்தும் என்று குறிப்பிட அந்த ஆவணமே அனுமதிக்கிறது.