காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு காலண்டர் தாள்

வேலை போய், அடுத்த வேலைக்காக ஐந்து மாதம் காத்திருந்தபோது எனக்கு ஜெபிக்கவே வார்த்தை வரவில்லை. கைகொடுத்தது பைபிளில் உள்ள 13ஆம் சங்கீதம் என்ற ஜெபப்பாடல். மொத்தம் 6 வசனம்தான். முதல் இரண்டிலேயே "இன்னும் எவ்வளவு நாள்?" என்று அதைப் பாடிய தாவீது ராஜா நான்கு முறை கேட்டுவிடுகிறார். கடவுளிடம் அப்படிக் கேட்கலாம், அது அவிசுவாசம் இல்லை என்று புரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல், இரவில் அதன் பின்பக்கம் இரண்டே வரி எழுதுங்கள். முதலில் அன்றைய கேள்வி, கோபமாக இருந்தாலும் சரி. அப்புறம் அன்று கிடைத்த ஒரு உதவி. ‘பக்கத்து வீட்டு அக்கா மீன்குழம்பு கொடுத்தார்’ என்பதுகூடப் போதும். தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் எடுத்துப் படியுங்கள்.