பழைய ராணுவ மெடல் சேர்ப்பது எப்படி? அசலையும் போலியையும் பிரித்துப் பார்க்க ஒரு செய்முறை

தொண்டியில் இருந்து சாயல்குடி வரை நம் கடலோரத்தில் ‘எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தவரு’ என்று சொல்லும் வீடுகளுக்குக் குறைவில்லை. அவருடைய மெடல் டிரங்குப் பெட்டியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ கிடக்கும். ஆனால் மெடல் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் இன்டர்நெட் ஏலத்தில்தான் தொடங்குகிறார்கள். முதலில் வீட்டிலும் சொந்தக்காரர் வீட்டிலும் கேளுங்கள். யாருடையது என்று தெரிந்த மெடலைக் கையில் புரட்டிப் பழகிய பிறகுதான் போலி கண்ணுக்குத் தட்டுப்படும்.

முதல் படி: காகிதம்

மெடலைக் கேட்பதற்கு முன் காகிதத்தைக் கேளுங்கள். “அப்பத்தா, தாத்தாவோட பட்டாள நம்பர் எதுலயாவது எழுதியிருக்கா?” என்று கேட்டால் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், சீருடைப் போட்டோ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முனியசாமி என்ற பெயரில் எத்தனையோ சிப்பாய்கள் இருந்திருப்பார்கள். ரெஜிமென்ட்டும் நம்பரும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று உறுதியாகும். விலைப் பேச்சை அன்றைக்கே எடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: தேய்க்காதீர்கள்

புளி, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. தேய்க்கத் தேய்க்க அரசர் தலையின் முடியும் மூக்கும் மழுங்கும், பெயர் எழுத்தும் கரையும். பழைய வெண்கலத்தின் கரும்பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, அது உலோகத்துக்குக் காவல். கவலைப்பட வேண்டியது வெளிர்பச்சைப் பொடிக்குத்தான். உப்பும் ஈரமும் செம்புக் கலவையில் சேர்ந்தால் அது பூக்கும், துடைத்தாலும் திரும்ப வரும். கடலோர வீட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. உலர்ந்த மெல்லிய தூரிகையால் பொடியைத் தட்டிவிட்டு, மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பி.வி.சி. உறையும் ரப்பர் பேண்டும் வேண்டாம். ஆசாரியிடம் உரைகல்லில் உரசிப் பார்க்கவும் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: விளிம்பு

எல்லோரும் மெடலின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் விளிம்பைப் பாருங்கள். கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல், ஒரு சின்னக் காந்தம் போதும். வெள்ளி, வெண்கலம், செம்பு-நிக்கல் மூன்றிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அதோடு சரி, கீழே வைத்துவிடலாம்.

முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி, குறுக்களவு சுமார் 36 மி.மீ. அதன் விளிம்பில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அச்சுக் குத்தியிருக்கும். லென்ஸில் பார்த்தால் குத்திய எழுத்தின் அடி தட்டையாகவும் ஓரம் லேசாகப் புடைத்தும் தெரியும். கையால் செதுக்கிய எழுத்து கூராகக் கீழிறங்கும். பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு வேறு பெயர் போடுவது நெடுநாள் தந்திரம். ராவிய மெடலில் விளிம்பு தேய்ந்திருக்கும், எனவே வெர்னியரை நாலைந்து இடத்தில் வைத்து அளந்தால் அளவு இடத்துக்கு இடம் மாறும், அல்லது மொத்தமாகவே குறையும். வார்ப்புப் போலி அசலைவிட ஒரு பொடி சிறியது. ஊசிக்குத்துபோல் துளைகள், மழுங்கிய எழுத்து, விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய இணைப்புக்கோடு ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

அதே பிரிட்டிஷ் வார் மெடல் வெண்கலத்திலும் உண்டு. லேபர் கோர் என்ற தொழிலாளர் படை ஆட்களுக்குக் கொடுத்தது. வெள்ளி இல்லையே என்று அதைப் போலி லிஸ்டில் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப்போர் மெடல்களில் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்கவில்லை. இந்தியர்களுக்குப் பொறித்தார்கள்: நட்சத்திரம் என்றால் பின்பக்கம், வட்ட மெடல் என்றால் விளிம்பு. அதனால் பின்பக்கம் மொட்டையாக இருக்கும் பர்மா ஸ்டாரைக் காட்டி ‘நம்ம ஊர் சிப்பாயுடையது’ என்று யாராவது சொன்னால், மெடல் அசலாகவே இருக்கலாம், கதையைத்தான் விசாரிக்க வேண்டும்.

1965 போருக்கான சமர் சேவா ஸ்டார், 1971 போருக்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் போன்றவற்றில் வேறொரு சிக்கல். அணிவகுப்புக்கு மாட்டிக்கொள்ள கன்டோன்மென்ட் கடைகளில் ராணுவத்தினரே நகல் வாங்குவார்கள். யாரும் ஏமாற்றச் செய்ததில்லை, ஆனாலும் அது நகல்தான்.

நான்காம் படி: ரிப்பன்

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காட்டுங்கள். புது ரிப்பன் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும். ஆனால் அம்மா சோப்புத்தூளில் அலசிய பழைய ரிப்பனும் அப்படியே ஒளிரும்! ரிப்பனை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், மெடல் அசலாக இருந்து ரிப்பன் பின்னால் மாற்றியதாகவும் இருக்கும்.

ஐந்தாம் படி: ஒப்பிடுதல்

மெடலில் உள்ள விவரத்தைக் காகிதத்தோடு பொருத்துங்கள். காகிதம் இல்லையென்றால் ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. அங்குள்ள ஆவண அலுவலகத்துக்குக் குடும்பத்தார் பெயரில் கடிதம் போடுங்கள். வீர் சக்ரா போன்ற வீர விருது என்றால் அரசிதழில் பெயர் வந்திருக்க வேண்டும். இரண்டு உலகப்போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள்.

ஐ.என்.ஏ. மெடலா?

ஐ.என்.ஏ. என்றால் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். நம் மாவட்டத்தில் இருந்து மலேயா, பர்மா போனவர்கள் ஏராளம். அதனால் ‘நேதாஜி கையால் கொடுத்த மெடல்’ என்று ஒன்று அடிக்கடி விலைக்கு வரும். ஆசாத் ஹிந்த் என்ற நேதாஜி அரசின் விருதுகளை வியன்னாவில் சூவால் என்ற நிறுவனம் செய்தது, போருக்குப் பிறகும் அதே அச்சில் அடித்து விற்றது. ஆகவே அடித்த அச்சு உண்மையானதாகவே இருந்தாலும் அது தாத்தாவின் மார்பில் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை. தியாகி குடும்பத்தில் 1972-ல் அரசு கொடுத்த தாமிரப் பட்டயம் இருந்தால், என் கணக்கில் அதுதான் பெரிய ஆதாரம்.

வாங்குவதானால்

மெடலைக் காகிதத்தோடும் போட்டோவோடும் சேர்த்தே வாங்குங்கள், கொடுத்தவரிடம் கையெழுத்தோடு ஒரு சீட்டும் பெறுங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருள் தொல்பொருள் ஆகிவிடும். முதல் உலகப்போர் மெடல்களில் பெரும்பாலானவை அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் நல்ல விலை தருவதாகச் சொன்னாலும் பார்சல் கட்டிவிடாதீர்கள்.