கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் டுப்ரோவ்னிக் கோட்டை நகரைப் பார்ப்பது எப்படி

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் நகருக்கு உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடுவதால், இறங்குவதற்கும் திரும்புவதற்குமான நேரம் போகப் பயணியின் கையில் எஞ்சுவது ஐந்தாறு மணி நேரமே. அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாமல், பழைய நகரைச் சூழ்ந்த மதில்மேல் எப்போது, எந்த வாயிலருகே ஏறுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது.

பெரிய கப்பல்கள் பழைய நகரிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள க்ரூஷ் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து நகரப் பேருந்து மேற்கு வாயிலான பீலே வரை செல்கிறது. சில கப்பல்களோ கடலிலேயே நங்கூரமிட்டு, மதிலை ஒட்டிய பழைய துறைமுகத்துக்குப் படகில் அனுப்பிவைக்கும். உங்கள் கப்பல் எங்கே நிற்கும் என்பதை முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் உயரம் 25 மீட்டர் வரை இருக்கும். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். மேலே கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் மட்டுமே நடக்க விடுவார்கள் என்பதால், ஏறும் இடத்தைப் பொறுத்தே களைப்பும் அமைகிறது. பேருந்தில் வந்த கூட்டம் முழுவதும் பீலே வாயிலின் உட்புறத்திலுள்ள படிகளில் வரிசை கட்டி நிற்கும். நீங்கள் அங்கே நிற்காமல், சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ஸ்ட்ராடூன் தெருவை நேராகக் கடந்து, மணிக்கூண்டருகே இடப்புறம் திரும்பி, கிழக்கிலுள்ள ப்ளோச்சே வாயிலுக்கு அருகே ஏறுங்கள். அப்படிச் செய்தால் மிக உயர்ந்த மின்ச்செட்டா கோபுரத்துக்கான செங்குத்தான ஏற்றம் கால்கள் சோர்வதற்கு முன்பே முடிந்துவிடும். பீலேயில் ஏறியவர்களுக்கு அதே ஏற்றம் வெயில் உச்சிக்கு வந்த பிறகு, கடைசியில் வரும்.

மின்ச்செட்டாவிலிருந்து பார்க்கும்போது கூரைகளின் நிறத்தைக் கவனியுங்கள். பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகளில் பெரும்பாலானவை குரோவேஷியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோது நடந்த 1991–92 முற்றுகையின் குண்டுவீச்சுக்குப் பிறகு வேயப்பட்டவை. மங்கிய ஓடுகள் அதில் தப்பியவை. பழைய நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்போது தாக்குதலுக்கு உள்ளானது என்பது, எந்த வழிகாட்டியின் விளக்கமும் இல்லாமலே அங்கிருந்து புரிந்துவிடும்.

மேலே நிழல் மிகக் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். குப்பியைப் பீலே வாயிலுக்குள் நுழைந்ததுமே இருக்கும் ஒனோஃப்ரியோ நீரூற்றில் நிரப்பிக்கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து கால்வாய் வழியே நீர் கொண்டுவந்து அமைத்த ஊற்று அது. இன்றும் அதன் நீர் குடிக்க ஏற்றது. ஸ்ட்ராடூனின் சுண்ணாம்புக்கல் தளம் கண்ணாடிபோல் தேய்ந்து வழுக்குவதால் வழுக்காத அடியுள்ள காலணி அணியுங்கள்.

நுழைவுச்சீட்டு வாங்கும்முன், மதிலுக்கு மட்டுமான சீட்டின் விலையையும் அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் அடங்கிய ஒருநாள் டுப்ரோவ்னிக் பாஸின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரில் நடக்கும்போது இடையில் மீண்டும் சோதிப்பார்கள் என்பதால் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இறங்கிய பிறகு ஓர் அருங்காட்சியகத்துக்கு மட்டுமே நேரமிருந்தால் என் தேர்வு ரெக்டர் மாளிகை. ரகூசா என்ற பெயரில் இவ்வூர் தனிக் குடியரசாக இருந்தபோது, ரெக்டர் எனப்பட்ட அதன் தலைவர் ஒரே ஒரு மாதம்தான் பதவியில் இருப்பார்; அந்த மாதம் முழுவதும் அரசுக் காரியமின்றி மாளிகையை விட்டு வெளியேறக் கூடாது. 'தனிப்பட்ட காரியங்களை மறந்து பொதுக் காரியங்களைக் கவனியுங்கள்' என்ற பொருளுடைய லத்தீன் வாசகம் உள்ளே ஒரு வாயிலின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிரான்சிஸ்கன் மடத்தின் மருந்தகம் 1317இல் தொடங்கியது. போகும் வழியில் எட்டிப் பார்த்தால் போதும்.

ப்ளோச்சே வாயிலுக்கு வெளியே சற்று நடந்தால் லசரெட்டி எனும் நீளமான கல் கட்டடங்கள் வரும். கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோர் 30 நாட்கள் வெளியே தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று 1377இல் சட்டம் இயற்றிய ஊர் இது. அந்தத் தங்கலுக்காகப் பிற்காலத்தில் எழுப்பிய இக்கட்டடங்களின் முன், சில மணி நேரமே தங்க வந்த கப்பல் பயணி நிற்பது வேடிக்கைதான்.

திரும்பும் நேரத்தைக் கப்பல் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிடுங்கள். சில கப்பல்களில் அது உள்ளூர் நேரத்திலிருந்து மாறுபடலாம். மாலையில் பீலே நிறுத்தத்தில் வரிசையும் சாலை நெரிசலும் ஒன்றுசேரும் என்பதால், கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது பேருந்துக்கு வந்துவிடுங்கள். பேருந்து வராவிட்டால் க்ரூஷுக்கு நடந்தே சென்றாலும் முக்கால் மணி நேரம் போதும்.