கோடியக்கரையில் பறவை பார்க்க: அலையாமல், உட்கார்ந்த இடத்திலேயே

கோடியக்கரைக்கு வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, பூநாரை எங்கே? அக்டோபரில் வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அது பெருங்கூட்டமாகச் சேர மழை கழிய வேண்டும், டிசம்பர் ஜனவரி ஆகிவிடும். ஐப்பசியில் பார்க்க வேண்டியது, சேற்றிலும் சதுப்பிலும் இரை தேடுகிற சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களைத்தான்.

வேதாரண்யத்திலிருந்து பேருந்து இருக்கிறது. சரணாலயத்துக்குள் போவதற்கு வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம் வண்டியில் சுற்றிக்கொண்டே இருக்காமல், சதுப்பு ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடமாகப் பார்த்து, வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள்; எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். முதலில் விலகிப் போகும், நீங்கள் அசையாமல் இருந்தால் மேய்ந்துகொண்டே திரும்பி வரும். 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) பைனாகுலர் தாராளம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், சதுப்பில் நிழலே கிடையாது.

புத்தகத்தைப் புரட்டும் முன் நடையைப் பாருங்கள், ஏனென்றால் இந்தப் பருவத்தில் பாதிக்கு மேல் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலவே இருக்கும், நிறத்தை நம்பினால் காலை வாரிவிடும். உப்புக்கொத்தி என்கிற கரைப்பறவை நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளானோ தையல் மெஷின் ஊசி மாதிரி நிறுத்தாமல் கொத்திக்கொண்டே நகரும். சிட்டுக்குருவி அளவுதான், 30 கிராம் தேறுவதே அபூர்வம், ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது! அதன் பக்கத்திலேயே, கொஞ்சம் பெரிதாக, கீழே வளைந்த அலகைச் சேற்றுக்குள் ஆழமாக விட்டுத் துழாவுவது வேறு உள்ளான்.

விடிகாலையில் காட்டோரம் நடந்தால் ஆறுமணிக்குருவி கிடைக்கலாம். இரவில் பறந்து வந்து இறங்கி, மரத்தடிச் சருகைக் கிளறி இரை தேடும். இதில் பல கடல் தாண்டி இலங்கைக்குப் போகிறவை. தயவுசெய்து போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், பயணக் களைப்பில் இருக்கிற பறவை அது.

பருவமழை வலுத்துச் சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்டால் குட்டைக்கால் உள்ளான்களுக்கு நிற்க இடமில்லாமல் வேறு பக்கம் போய்விடும், அதனால் மழைக்கு முந்திக்கொள்வது நல்லது. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2018 நவம்பரில் கஜா இந்தக் காட்டு மரங்களைச் சாய்த்துப் போட்டதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.