பழைய ஐபாட், வாக்மேனை கார் செட்டில் இணைப்பது எப்படி?

ஹெட்போன் ஜாக் உள்ள எந்தப் பிளேயரையும் கார் செட்டில் பாட வைக்கலாம். ஐபாட், எம்பி3 பிளேயர், கேசட் வாக்மேன், எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். கடைக்குக் கிளம்பும் முன் செட்டின் முகப்பை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆக்ஸ் ஜாக் இருந்தால்

ஆக்ஸ் ஜாக் என்பது வெளிப் பிளேயரின் ஒலியைச் செட்டுக்குள் வாங்கும் துளை. இதுதான் நல்ல வழி. முகப்பில் காணவில்லை என்றால் கியர் லீவருக்கு முன்னாலும் கிளவ் பாக்ஸுக்குள்ளும் தேடுங்கள். சில கார்களில் அங்கேதான் வைத்திருப்பார்கள். தேவையானது இரண்டு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள, ஒரு மீட்டர் நீளக் கேபிள். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கிடைக்கும்.

வாங்கும்போது பின்னை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் மேல் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் சரியான பின்: நுனி இடது ஸ்பீக்கர், நடுப்பகுதி வலது, அடிப்பகுதி எர்த், அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான திரும்பும் பாதை. மூன்று வளையம் இருந்தால் அது மைக் வைத்த ஹெட்போனுக்கான பின். சில செட்டுகளில் எர்த் சரியாகத் தொடாது. பிளேயரைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஸ்பீக்கரில் போட்டு, பாட்டு ஓடும்போது பின்னின் கழுத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கரகரத்தால் வேறு கேபிள் கேளுங்கள்.

காரில் இந்த வரிசையில் செய்யுங்கள். செட்டின் வால்யூமைக் குறைத்துவிட்டு, இரண்டு பின்னையும் 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். சோர்ஸ் பட்டனில் ஆக்ஸைத் தேர்ந்தெடுங்கள். பிளேயரின் ஈக்வலைசரை அணைத்து, அதன் வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள். பிறகு செட்டில் வழக்கமாக ரேடியோ கேட்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். ஆக்ஸும் ரேடியோவும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி பிளேயரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பிளேயரைக் குறைவாக வைத்துச் செட்டை முழுக்க ஏற்றினால் 'ஸ்ஸ்' இரைச்சல் வரும். அப்படியே ரேடியோவுக்கு மாற்றினால் ஸ்பீக்கரே அடிவாங்கும். பிளேயரை முழுக்க ஏற்றினாலோ ஒலி உடைந்து பிசிறடிக்கும்.

பாடுபவரின் குரல் மட்டும் மங்கி, வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தால் எர்த் தொடவில்லை என்று அர்த்தம். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். எர்த் விட்டுப்போனால் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும், குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கானா பாட்டுக்கு உயிரே குரல்தான், அதை இழக்காதீர்கள். பின்னை முழுக்க அழுத்துங்கள், இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்.

ஆக்ஸ் ஜாக் இல்லாவிட்டால்

சில செட்டுகளின் முதுகில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் இருக்கும். முதலில் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, செட்டை வெளியே இழுங்கள். கம்பெனி செட் என்றால் சிலவற்றுக்கு ரேடியோ கோடு, அதாவது பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் செட்டைத் திறக்கும் ரகசிய எண், தேவைப்படும். அது கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களும் உள்ள கேபிளை 'ஆக்ஸ் இன்' என்று எழுதிய ஜோடியில்தான் மாட்ட வேண்டும். பக்கத்திலேயே அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் 'ப்ரீ அவுட்' என்பது ஆம்பிளிஃபயருக்கு ஒலி வெளியே போகும் வழி, அதில் மாட்டினால் ஒன்றும் கேட்காது. சிவப்பு வலது, வெள்ளை இடது. ஸ்பீக்கர் ஒயரில் மட்டும் பிளேயரை ஒருபோதும் இணைக்காதீர்கள், பிளேயர் போய்விடும்.

கேசட் செட் என்றால் கேசட் அடாப்டர் போதும். கேசட் வடிவில் இருக்கும் அதைச் செட்டில் போட்டு, அதன் ஒயரைப் பிளேயரில் மாட்ட வேண்டும். அது அடிக்கடி பக்கம் மாறினால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், செட்டுக்குள் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

இவை எதுவுமே இல்லாதபோதுதான், பிளேயரின் பாட்டைக் குட்டி ரேடியோ நிலையம்போல் செட்டுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. முதலில் ரேடியோவில் வெறும் இரைச்சல் மட்டும் வரும் இடத்தைப் பிடித்து, அதன் பிறகு டிரான்ஸ்மிட்டரை அதே எண்ணில் வையுங்கள். ஒலித்தரம் கேபிள் அளவுக்கு வராது.

வண்டியோடு சேர்ந்து 'ங்ங்ங்' என்ற சத்தம்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கீச்சென்று ஏறும் சத்தம் வந்தால், முதலில் சார்ஜரை உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் கேபிள் வழியாக ஒன்று என எர்த் இரண்டு பாதையில் காரின் பாடியைச் சேர்கிறது. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னலைகள் அந்த வளையத்தில் புகுந்து பாட்டோடு கலக்கின்றன. விலை உயர்ந்த கேபிள் வாங்கினாலும் இது தீராது. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டியை பிளேயருக்கும் ஆக்ஸுக்கும் நடுவே மாட்டுங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான், கரண்ட் தேவையில்லை. மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் குறையும். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டியும் வேண்டாம்.

ஐபாட் கிளாசிக்கின் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் குலுங்கிப் போகும்போது அதற்கடியில் ஒரு ஸ்பான்ஜ் துண்டு வையுங்கள். நிறுத்திய காரில் விட்டுவிட்டும் போகாதீர்கள். மே மாத வெயிலில் டேஷ்போர்டு சூட்டுக்கு லித்தியம் பேட்டரி உப்பிவிடும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல்காற்றில் பின் மேல் பச்சை படியும், ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடும். அதே ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த பச்சை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.