நீங்கள் கட்டும் அனுமதிக் கட்டணம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று பார்ப்பது எப்படி?

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் பிரதேச சபையில் பணம் கட்டி வாங்கிவந்த வியாபார அனுமதிப்பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைக்கிறார். பிரதேச செயலகத்துக்குப் போய் மோட்டார் சைக்கிளின் வரிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறார். மாதாமாதம் மின் பட்டியலையும் கட்டுகிறார். எல்லாமே அவருக்கு அரசாங்கத்துக்குக் கட்டிய காசுதான். ஆனால் அவை மூன்று வெவ்வேறு பெட்டிகளில் விழுகின்றன, எது எதில் விழுகிறது என்று தெரியாதவரை யாரிடம் கணக்குக் கேட்பது என்பதும் தெரியாது.

முதலில் பற்றுச்சீட்டை எடுத்து, பணம் பெற்ற நிறுவனத்தின் பெயரையும் கட்டணத்தின் தலைப்பையும் படியுங்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம், இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மாகாண சபை நிரலின்படி, மாகாணத்துக்குரியது. பிரதேச செயலகத்தில் கட்டினாலும் அது வடக்கு மாகாண வருமானமே. மின் வழங்கலின் கதை வேறு. பட்டியல் காசு மின் வழங்கும் நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனங்களுக்கு உரிமங்களைக் கொடுத்துக் கட்டணம் பெறுவது 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆகவே மன்னார்த் தீவில் சுழலும் காற்றாலையின் மின்பிறப்பாக்க உரிமக் கட்டணமும் மாகாணப் பெட்டிக்கு வராது.

மிஞ்சுவது பிரதேச சபை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என மூன்று சபைகள். முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என நான்கு. செயலகப் பிரிவும் சபை எல்லையும் ஒன்றல்ல என்பதை இங்கே மறக்கக்கூடாது: கண்டாவளைச் செயலகப் பிரிவில் இருப்பவர் கரைச்சிப் பிரதேச சபைக்குத்தான் போகவேண்டும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 149ஆம் பிரிவு, கடை நடக்கும் இடத்தின் ஆண்டுப் பெறுமதி (ஓராண்டு வாடகையாக மதிப்பிடப்படும் தொகை) 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500 ரூபாவும், 1,500 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 750 ரூபாவும், அதற்கும் மேலானால் 1,000 ரூபாவும் அனுமதிக் கட்டணத்தின் உச்சம் என்று வரையறுத்தது. அனுமதிப்பத்திரம் தேவைப்படாத தொழில்களுக்கு 152ஆம் பிரிவு முந்திய ஆண்டின் வரவைப் பார்த்து வரி விதிக்கிறது. வரவு 150,000 ரூபாவைத் தாண்டினால் உச்சம் 3,000 ரூபா. இந்தத் தொகைகளைக் கடைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு சபை தன் சொந்த அனுமதி வருமானத்தால் எவ்வளவு தூரம் வீதி போட முடியும் என்பது அப்போது உறைக்கும். சபையைக் குறை சொல்லும் எவரும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்தது சபையின் பாதீடு. அதில் அனுமதிக் கட்டணங்களுக்கு ஒரு தலைப்பும் வரிகளுக்கு வேறொரு தலைப்பும் இருக்கும். 152ஆம் பிரிவு வரியை முதலாவதில் தேடினால் கிடைக்காது, சோலைவரியோடு இரண்டாவதில்தான் பார்க்கவேண்டும். மதிப்பிட்ட தொகையை மட்டும் பார்த்து நிறுத்தாமல், முந்திய ஆண்டில் உண்மையாக அறவிட்ட தொகையையும் நிலுவையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிலுவை பெருத்திருந்தால் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

விவரம் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'எல்லாக் கணக்கும் வேண்டும்' என்று எழுதாமல், ஆண்டையும் தலைப்பையும் குறிப்பிட்டு, மதிப்பீடு, அறவீடு, நிலுவை ஆகிய மூன்றையும் கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான அத்தாட்சியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன்பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.